மேய விடாத வேலி

சென்ற ஆவணியில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வாதி என் மனைவி. பிரதிவாதிகள், கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியின் கொழுந்தையெல்லாம் மொட்டையடித்த ஏழெட்டுப் பச்சைப் புழுக்கள். "ரசத்துக்கு ஒரு ஈர்க்கு கிடைக்கல. நீங்க மருந்து அடிக்கிறீங்களா, இல்ல ஆள வச்சு செடியையே வெட்டிடட்டுமா?" என்பது வாதியின் தரப்பு.

விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி பிரதிவாதிகளுக்கு வக்கீல். ஒரு புழுவை மெல்லக் குச்சியால் தொட்டுக் காட்டினாள். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கைப்போல் சிவப்பாக இரண்டு கொம்பு வெளியே வந்தது. கூடவே ஒரு காரமான வாடை. "தாத்தா, கறுப்பா, றெக்கையில வெள்ளைப் புள்ளி வரிசையா இருக்குமே, அந்தப் பட்டாம்பூச்சியோட குட்டி இது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தைன்னு அந்தச் சாதிச் செடியத்தான் தின்னும். வேற எதைக் குடுத்தாலும் பட்டினி கிடந்தே செத்துடும்" என்றாள்.

முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன் இப்படிப்பட்ட இக்கட்டில் என்ன செய்வானோ அதையே செய்தேன். வழக்கை இரண்டு வாரம் ஒத்திவைத்தேன். அதற்குள் புழுக்கள் கூட்டுப்புழுவாகி, ஒவ்வொன்றாகப் பறந்தும் போய்விட்டன. மழை விழுந்ததும் செடி மறுபடி தழைத்தது. ஈர்க்குப் பஞ்சமும் தீர்ந்தது.

ஆனால் எனக்கு அந்தப் புழுக்கள் வேறு இரண்டு விஷயங்களை நினைவுபடுத்திவிட்டன. ஒன்று பள்ளிக்கூடத்து விஷயம். மற்றொன்று அலுவலகத்து விஷயம். அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் பள்ளிக்கூடம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதைப் படிக்கும் பலருக்குத் தெரியும். 1960-களின் தொடக்கத்தில் எங்கள் முசே வாரம் ஒருமுறை 'திக்தே' கொடுப்பார். அவர் வாசிக்க வாசிக்கப் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஒருநாள் அவர் எடுத்தது ழான் ஆன்ரி ஃபாப்ர் எழுதிய பூச்சிக் கதை. ஃபாப்ர் ஏழைப் பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கி, 1879-ல் தெற்கு பிரான்சில் செரிஞான் என்னும் ஊரில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த ஒரு தரிசை வாங்கினார். கடைசிவரை அங்கேயே குடியிருந்து பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உழுது பயிரிட லாயக்கில்லாத நிலம் என்பதுதான் அவருக்கு அதன் பெருமை.

கதை இதுதான். ஒரு மே மாதக் காலையில் அவருடைய மேசைமீது கூட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய பெண் அந்துப்பூச்சி வெளிவருகிறது. அதைக் கம்பி வலைக்குள் மூடி வைக்கிறார். இரவு ஒன்பது மணிக்கு அவர் மகன், வீடு முழுக்கப் பறவை அளவுக்குப் பூச்சிகள் என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறான். இருட்டைக் கடந்து எங்கெங்கிருந்தோ நாற்பது ஆண் பூச்சிகள் அந்த ஒரு பெண்ணைத் தேடி வந்திருக்கின்றன! எனக்கு அந்தத் திக்தேயில் மதிப்பெண் பூஜ்யம்தான், அத்தனை பிழை. ஆனால் கதை மனதில் தங்கிவிட்டது.

அன்று முசே இன்னொன்றும் சொன்னார். பிரெஞ்சில் பட்டாம்பூச்சிக்குப் 'பப்பியோன்' என்று பெயர். அந்துப்பூச்சிக்குத் தனிச்சொல் தேடாமல் 'பப்பியோன் த நுய்', அதாவது இரவுப் பட்டாம்பூச்சி என்றே சொல்வார்கள். நாம் பகலில் பறப்பதை வண்ணத்துப்பூச்சி என்று கொஞ்சுகிறோம். இரவில் பறப்பதை விளக்கில் விழும் விட்டில் என்கிறோம், அரிசியைக் கெடுக்கும் அந்து என்கிறோம். இரண்டும் ஒரே குடும்பம். நம் வீட்டு நந்தியாவட்டையையும் அரளியையும் தின்று வளரும் பருத்த புழு, பச்சையும் ரோஜா நிறமும் கலந்த அழகான அந்துப்பூச்சியாகி இரவில் போய்விடுகிறது. நாம் தூங்கிக்கொண்டிருப்பதால் பார்ப்பதில்லை.

நம் ஊருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1826-ல் தொடங்கிய நம் தாவரவியல் பூங்காவை வளர்த்தவர்களில் முக்கியமானவர் பெரொத்தே. புதுச்சேரியிலேயே தங்கி 1870-ல் இங்கேயே காலமானவர். காப்பி இலையைத் துளைக்கும் ஒரு சின்னஞ்சிறு அந்துப்பூச்சியை 1842-ல் இன்னொரு அறிஞரோடு சேர்ந்து முதன்முதலில் விவரித்து எழுதியவரும் அவரே. இன்றும் அந்தப் பூச்சியின் அறிவியல் பெயருக்குப் பின்னால் அவர் பெயரைப் போடுகிறார்கள். காப்பித் தோட்டத்துக்கு எதிரி என்றுதான் அதைப் பற்றி எழுதினார்கள். அந்தக் காலத்தில் ஒரு பூச்சி ஏட்டில் ஏற வேண்டுமானால் இரண்டே வழிதான்: பயிருக்கு எதிரியாக இருக்க வேண்டும், அல்லது ஊசியில் குத்திக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் அளவுக்கு அழகாக இருக்க வேண்டும். காப்பாற்ற வேண்டியது என்ற மூன்றாவது வழி பின்னால்தான் வந்தது. அதைத் திறந்தவர்களில் பலர் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் அல்லர்.

அந்த மூன்றாவது வழியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இங்கிலாந்தில் நடந்தது. 'பெரிய நீலன்' என்று அழைக்கத்தக்க ஒரு நீல வண்ணத்துப்பூச்சி. சிறகில் கரும்புள்ளிகள். 1795-லேயே அரிதானது என்று குறிக்கப்பட்டது. அரிது என்றால் போதாதா? வலையும் ஊசிப் பெட்டியுமாகக் கனவான்கள் கிளம்பிவிட்டார்கள்.

இதன் வாழ்க்கை விசித்திரமானது. தாய், ஓம வாசனை வீசும் தைம் என்ற சிறு செடியின் மொட்டில் முட்டையிடும். புழு இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும். அங்கே ஒரு சிவப்பெறும்பு அதைக் கண்டு, தன் இனத்துக் குஞ்சு என்று ஏமாந்து புற்றுக்குள் தூக்கிப்போகும். பிறகு பத்து மாதம் அந்தப் புழு, வளர்த்த வீட்டுக்காரியின் குஞ்சுகளையே தின்று கொழுக்கும். புற்றிலேயே கூட்டுப்புழுவாகி, அடுத்த கோடையில் வெளியே ஊர்ந்து வந்து சிறகு விரிக்கும். குயில் காக்கைக் கூட்டில் செய்வதைவிட இது ஒரு படி மேல்.

இந்த மர்மம் அவிழ்ந்தது 1915-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அவிழ்த்தவர்கள் மூவர்: சாப்மன் ஒரு மருத்துவர், ஃப்ரோஹாக் ஓர் ஓவியர், பியூர்ஃபாய் ராணுவ கேப்டன். கேப்டன் என்ன செய்தார் தெரியுமா? வாதுமைக் கொட்டை ஓட்டுக்குள் எறும்புகளோடு புழுவை வைத்து வளர்த்துப் பார்த்தார்.

சேகரிப்போரால்தான் பூச்சி அழிகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். கார்ன்வால் கடற்கரைப் பக்கம் பெரிய நீலன் இருந்த ஓர் இடத்தைச் சுற்றி வேலி போட்டார்கள். வலையோடு வருபவன் உள்ளே நுழைய முடியாது. ஆனால் ஆடும் மாடும்கூட நுழைய முடியவில்லை. மேய ஆளில்லாததால் புல் உயர்ந்தது. பூச்சி அங்கிருந்து மறைந்தே போனது.

அன்று யாருக்கும் காரணம் விளங்கவில்லை. வேலிக்கு வெளியேயும் அதே கதிதான். மலைச்சரிவில் ஆடு மாடு மேய்ப்பது கட்டுப்படியாகாமல் விவசாயிகள் கைவிட்டார்கள். மிச்சமிருந்த புல்லை மேய்ந்தவை முயல்கள். அவற்றின் கதைக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் முற்றுப்புள்ளி வைத்தார். 1952-ல் பாரிசுக்கு மேற்கே தன் பண்ணையில் முயல் தொல்லை தாங்காமல், ஆர்மான் தெலில் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர் இரண்டு முயல்களுக்கு ஒரு கொள்ளைநோய்க் கிருமியை ஏற்றி விட்டார். பண்ணையைச் சுற்றி மதில் இருக்கிறதே, நோய் வெளியே போகாது என்ற தைரியம். மதிலை நோய் மதிக்கவில்லை. அடுத்த ஆண்டே கடலைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போய், அங்கே முயல் இனத்தையே வாரிக்கொண்டு போனது. பூச்சிக்காரனைத் தடுக்கப் போட்ட வேலி மாட்டையும் தடுத்தது. முயலுக்கு நம்பிய மதில் நோயைத் தடுக்கவில்லை.

1972-ல் ஜெரமி தாமஸ் என்ற இளம் ஆய்வாளர் கடைசியாக மிஞ்சிய இடத்துக்குப் போய், கோடைதோறும் தரையில் படுத்துக் கவனித்தார். அவர் கண்டது இது. எந்தச் சிவப்பெறும்பும் புழுவைத் தூக்கிப்போகும். ஆனால் ஒரே ஒரு இனத்தின் புற்றில்தான் புழு ஒழுங்காகப் பிழைக்கும். அந்த எறும்புக்குச் சூடான மண் வேண்டும். புல் ஒட்ட மேயப்பட்டிருந்தால் வெயில் தரையில் விழும். விரல் நீளம் புல் வளர்ந்தாலே நிழல் விழுந்து மண் குளிர்ந்துவிடும். அந்த எறும்பு காலி செய்ய, வேறு எறும்பு குடியேறும். பட்டாம்பூச்சிக்கு எறும்பு, எறும்புக்கு வெயில், வெயிலுக்கு மாடு. இதைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. 1979-ல் பெரிய நீலன் பிரிட்டனில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள்.

இந்த இடத்தில்தான் என் அலுவலக விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

1980-களில் நான் இளநிலை எழுத்தராக இருந்த ஓர் அலுவலகத்தின் பொறுப்பில், ஓர் ஏரிக்கரையை ஒட்டி ஒரு துண்டு நிலம் இருந்தது. பெயரும் ஊரும் வேண்டாம். இப்போது சொல்லி யாருக்கும் பயனில்லை. பாம்பு வருகிறது, குப்பை கொட்டுகிறார்கள் என்று மனு வந்தது. என்னை ஒரு மேஸ்திரியோடு பார்வையிட அனுப்பினார்கள். ஆதொண்டையும் சூரையும் ஆவாரையும் பின்னிக் கிடந்தன. ஓரமெல்லாம் எருக்கு. வயதான ஓர் அம்மா நாலைந்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். காலை பத்து மணி இருக்கும். நாங்கள் உள்ளே கால் வைத்ததும் ஆவாரஞ்செடிகளிலிருந்து மஞ்சளும் வெள்ளையுமாகப் பூச்சிகள் எழும்பின. எண்ணி முடியாத அளவு. மேஸ்திரிகூடப் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார். "ஐயா, ஐப்பசி வந்தா இன்னும் வரும்" என்றார் அந்த அம்மா.

திரும்பி வந்து குறிப்பு எழுதினேன். என் கையெழுத்திலேயே எழுதிய வாசகம் இன்னும் நினைவிருக்கிறது: "பயனற்ற முட்புதர்களை அகற்றி, நிலத்தைப் பாதுகாக்கும் பொருட்டுக் கம்பி வேலி அமைக்கலாம்." பார்த்த பூச்சிகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதினால் சிரிப்பார்கள் என்ற கூச்சம் ஒரு பக்கம். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்பது இன்னொரு பக்கம். மரம் எத்தனை, அதன் மதிப்பு எவ்வளவு என்று இருந்தது. மரமல்லாத எதற்கும் இடமில்லை. கோப்பு மேலே போய் ஒப்புதலோடு இறங்கியது. புதரை வெட்டினார்கள், வேலி போட்டார்கள். அந்த அம்மாவின் ஆடுகள் வெளியே நின்றன. ஓரிரு வருடத்தில் உள்ளே சீமைக் கருவேலம் மண்டியது. அடுத்த ஐப்பசியில் ஒருமுறை அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். காக்கை இருந்தது.

யாரும் என்னைத் தவறு செய்யச் சொல்லவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவும் இல்லை. கார்ன்வாலில் வேலி போட்டவர்களும் பூச்சியை நேசித்தவர்களே. பூச்சியைப் பார்த்தார்கள், அதன் காலடியில் இருந்ததைப் பார்க்கவில்லை. நானோ இரண்டையும் பார்த்துவிட்டு எழுதாமல் விட்டவன்.

இங்கிலாந்துக் கதை அங்கே முடியவில்லை. 1968-லேயே அங்கே பூச்சி ஆர்வலர்கள் சிலர் கூடி, சேகரிப்பதற்காக அல்லாமல் காப்பதற்காக ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். அது இன்று 'பட்டர்ஃப்ளை கன்சர்வேஷன்' என்ற பெரிய அமைப்பு. அதே காலத்தில் எர்னி பொல்லார்ட் என்ற ஆய்வாளர் ஒரு எளிய முறையை வகுத்தார். அதைப் படித்தபோது, இது எங்கள் எழுத்தர் சாதிக்காகவே வகுத்ததோ என்று தோன்றியது! ஒரு பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை அதே பாதையில் அதே வேகத்தில் நடக்க வேண்டும். ஐந்து மீட்டர் அகலத்துக்குள் கண்ணில் படும் பட்டாம்பூச்சியை மட்டும் எண்ணிக் குறிக்க வேண்டும். பிடிக்கக் கூடாது, ஓடக் கூடாது, ஊகிக்கக் கூடாது. 1976-ல் இது நாடு தழுவிய திட்டமாயிற்று. நடப்பவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். அவர்களில் ஓய்வூதியக்காரர்கள் ஏராளம். அந்துப்பூச்சிக்கும் இப்படி உண்டு. ராதம்ஸ்டெட் என்ற ஆய்வு நிலையத்துக்காக ஊர் ஊராக ஆட்கள் தங்கள் தோட்டத்தில் இரவில் விளக்குப் பொறி வைத்து, காலையில் எண்ணி எழுதுகிறார்கள்.

ஒரு நாள் கணக்கால் எதுவும் தெரியாது. நாற்பது வருடக் கணக்கு சேர்ந்தால், எந்தப் பூச்சி எங்கே எப்போது குறையத் தொடங்கியது என்று பேரேடு சொல்லிவிடும். அரசாங்கத்திடம் போய் "முன்பெல்லாம் நிறைய இருந்தது சார்" என்றால் காதில் வாங்க மாட்டார்கள். பதிவேட்டைக் காட்டினால் உட்காரச் சொல்வார்கள். இது என் அனுபவம்.

பெரிய நீலனும் திரும்பி வந்தது. 1983-ல் சுவீடனின் ஓலண்ட் தீவிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் அதற்குமுன் இடத்தைத் தயார் செய்தார்கள். தொண்டர்கள் சரிவுகளில் முட்புதரை வெட்டினார்கள். மாட்டையும் மட்டக்குதிரையையும் வேலிக்குள்ளே விட்டு மேய வைத்தார்கள். அங்கே புதரை வெட்டியது சரி, இங்கே நாங்கள் வெட்டியது தவறு. எந்தப் பூச்சிக்கு எது வேண்டும் என்று தெரிந்து செய்வதற்கும் தெரியாமல் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் அது. 2022 கோடையில் தெற்கு இங்கிலாந்தில் சுமார் 20,000 பெரிய நீலன்கள் பறந்தன. நூற்றைம்பது ஆண்டுகளில் காணாத கூட்டம் என்றார்கள்.

நம் பக்கத்திலும் இப்போது நல்ல காலம் பிறந்திருக்கிறது. 2019-ல் தமிழ்நாடு அரசு 'தமிழ் மறவன்' என்ற பட்டாம்பூச்சியை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. கோவைப் பக்கம் தொண்டர்கள் பல வருடமாக மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் சமவெளிக்கும் இடையே நடக்கும் பட்டாம்பூச்சிகளின் இடப்பெயர்ச்சியைக் குறித்து வருகிறார்கள். 2020 முதல் செப்டம்பர் மாதத்தில் நாடெங்கும் ஆர்வலர்கள் பட்டாம்பூச்சி எண்ணுகிறார்கள். ஸ்ரீரங்கத்துக்குப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள் அருகே மேலணைப் பக்கம் உள்ள பட்டாம்பூச்சிப் பூங்காவையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

நம் புதுச்சேரிக் கரையோரத்துக்கே உரிய காடு ஒன்று உண்டு. உயரமில்லாத, கோடையிலும் பச்சை மாறாத காடு. இன்று அது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான். கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குக் குலதெய்வ வழிபாட்டுக்குப் போனவர்கள் அந்த நிழலில் பொங்கல் வைத்திருப்பீர்கள். அங்கே ஒரு கிளையை ஒடிக்கவும் நம் பெரியவர்கள் பயந்தார்கள். அந்த அச்சமே அதற்கு வேலி. ஆரோவில்காரர்களும் 1970-களிலிருந்து செம்மண் பொட்டலில் அதே காட்டை மறுபடி வளர்த்து வருகிறார்கள்.

இனி என் பங்கு. கறிவேப்பிலை வழக்குக்குப் பிறகு பேத்தியிடம் பூச்சிகளின் பெயர் கற்றேன். ஒரு பழைய நீள நோட்டில் கோடு போட்டு, நாள், நேரம், வெயில் அல்லது மேகம், பூச்சி, எண்ணிக்கை, குறிப்பு என்று கட்டம் கட்டினேன். வியாழன்தோறும் காலை ஒன்பதரைக்கு எங்கள் தெருமுனையிலிருந்து வாய்க்கால் வரை நடந்து எண்ணுகிறேன். வாய்க்கால் ஓரத்து எருக்கில் ஆரஞ்சு நிற வெந்தய வரியன் வருகிறது. பக்கத்து மனையில் தானாக முளைத்த ஆமணக்கில் பழுப்பு நிறத்தில் ஒன்று. என் கண் முன்போல இல்லை. சந்தேகம் வந்தால் 'அடையாளம் தெரியவில்லை' என்றே எழுதுகிறேன். அலுவலகத்தில் இதைக்கூட எழுதத் தெரியாமல்தான் அன்று விட்டேன்.

போன மாதம் தெரு சங்கக் கூட்டத்தில், அந்தப் பக்கத்து மனையைச் சுத்தம் செய்து எருக்கையெல்லாம் பிடுங்கிவிடலாம் என்று பேச்சு வந்தது. நோட்டை எடுத்துப் போயிருந்தேன். பிரித்துக் காட்டி, குப்பையை முழுக்க அள்ளிவிடுங்கள், ஓரத்து எருக்கையும் ஆமணக்கையும் மட்டும் விடுங்கள் என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். செயலாளர் நோட்டை வாங்கி நாலு பக்கம் புரட்டினார். "சரி சார், ஓரம் இருக்கட்டும்" என்றார். அதையும் குறிப்புக் கட்டத்தில் தேதியோடு எழுதி வைத்தேன்.

ஏரிக்கரையில் ஆடு மேய்த்த அந்த அம்மா இன்று இருக்க மாட்டார். ஐப்பசி வந்தால் இன்னும் வரும் என்று அவர் சொன்னதைக் கோப்பில் எழுதாத நான், நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அடுத்த ஐப்பசிக்கு நோட்டும் நானும் தயார்.